உங்கட வோட்டு எங்க இருக்கு?

2024 ஆம் ஆண்டு ஜூலை 4 ஆம் திகதி பிரித்தானியாவில் பொதுத்தேர்தல் நடந்தது. வெள்ளவத்தையிலிருந்து போய் லண்டன் ஹரோவில் விசாவோடு இருக்கிற இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் ஒருவருக்கும் அதில் வாக்கு இருந்தது. பொதுநலவாய நாட்டுப் பிரசை, சட்டப்படி தங்கியிருப்பவர் என்றால் அங்கே போதும். பிரித்தானியக் குடியுரிமை வேண்டியதில்லை. பதினொரு கிழமை கழித்து, செப்டெம்பர் 21 ஆம் திகதி, இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல். அதில் அவருக்கு வாக்கு இல்லை. லண்டனிலிருந்து தபாலில் அனுப்ப வழியில்லை, தூதரகத்தில் போட வழியில்லை. வேண்டுமானால் விமானச் சீட்டு எடுத்து வரலாம். பெயர் இன்னும் இடாப்பில் இருந்தால் புள்ளடி போட்டுவிட்டுத் திரும்பலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர்த் தேர்தலிலிருந்து விலகிப்போவதைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக மனநிலையைத்தான் பேசுகிறோம். அலுப்பு, குற்றவுணர்வு, இரண்டு வேலை, பிள்ளைகளின் படிப்பு, ‘ஆர் வந்தாலும் ஒண்டுதான்’ என்ற கசப்பு. இவையெல்லாம் உண்மை. ஆனால் மனம் விலகுவதற்கு வெகு முன்பே பெயர் விலகிவிடுகிறது என்பதுதான் இந்த விடயத்தை ஆராயப் புகுந்தால் முதலில் கண்ணில் படுவது. அதைப் பார்க்க ஹரோவுக்கோ ஸ்காபரோவுக்கோ போக வேண்டியதில்லை. காலி வீதியில் இறங்கி எந்தத் தொடர்மாடிக்குள் நுழைந்தாலும் போதும்.

இலங்கையில் வாக்காளர் இடாப்பு வீட்டை வைத்துத் தயாராகிறது. 1980 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டப்படி, சாதாரணமாக வசிக்கும் முகவரியில் பெயர் பதியப்படும். நெடுங்காலமாகக் கிராம உத்தியோகத்தர் (ஜீ.எஸ்.) கொண்டுவரும் பி.சி. படிவத்தை வீட்டுத் தலைவர் நிரப்பிக் கையெழுத்து வைப்பதே நடைமுறை. ஊரில் இது சுலபம், ஜீ.எஸ்.ஸுக்கு எல்லாரையும் தெரியும். வெள்ளவத்தையில் ஒரு மாடியில் நாலு வீடு என்றால், ஒன்றின் சொந்தக்காரர் ரொறன்ரோவில் இருப்பார். ஓகஸ்டில் வந்து மூன்று கிழமை தங்குவதற்கென்று பூட்டியே கிடக்கும். இன்னொன்றில் வயதான தாய் தகப்பன், பிள்ளைகள் மூன்று நாட்டில். மூன்றாவதில் வாடகைக் குடும்பம். அந்தக் குடும்பத்தின் பெயரை இடாப்பில் போடச் சொந்தக்காரர் சம்மதிக்கமாட்டார். பதிந்தால் வீட்டில் உரிமை கோருவார்கள் என்று பயம். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை, வாடகைக்கு இருப்பவரும் பதியலாம். ஆனாலும் பயம் சட்டப்புத்தகம் பார்த்து வருவதில்லையே.

ஆகவே வாடகைக் குடும்பத்தின் வாக்கு இன்னமும் மானிப்பாயிலோ பருத்தித்துறையிலோ இருக்கும். ‘உங்கட வோட்டு எங்க இருக்கு?’ என்று இங்கே ஒருவரையொருவர் கேட்பது சாதாரணம். ஆள் ஓரிடத்திலும் வோட்டு வேறிடத்திலும் இருப்பது கொழும்புத் தமிழருக்கு ஒரு தலைமுறைப் பழக்கம்.

இந்தக் குடும்பம் எப்போது விழுந்தடித்துக்கொண்டு ஜீ.எஸ்.ஸிடம் ஓடும் என்றால், பிள்ளைக்குப் பள்ளி வயது வரும்போது. அரச பாடசாலையில் முதலாம் வகுப்பு அனுமதிக்கு, பாடசாலைக்கு அண்மையில் வசிப்பதைக் காட்ட ஐந்து வருட இடாப்புப் பதிவுக்குப் புள்ளி உண்டு. அப்போதுதான் சொந்தக்காரரைக் கெஞ்சுவது, அது சரிவராவிட்டால் உறவுக்காரர் வீட்டு முகவரியில் பெயரைச் சேர்ப்பது எல்லாம் நடக்கும். இடாப்புக்கு இங்கே உள்ள மரியாதை பாதியும் பள்ளிக்கூடத்தால் வந்தது. தேர்தல் கூடவே கிடைக்கும் இலவச இணைப்பு.

இதைச் சிரித்துவிட்டுப் போக முடியாதபடி ஒரு பழைய கதையும் இருக்கிறது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீடு தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எது தமிழர் வீடு என்பதை அதைப் பார்த்துத்தான் அறிந்தார்கள். அந்த வன்செயல் பற்றிய பதிவுகள் பலவற்றில் இது வருகிறது. வாக்குரிமைக்காக எழுதப்பட்ட பெயர் வீட்டை அடையாளம் காட்டும் பெயரானது. அதன்பிறகு போர்க்காலம் முழுவதும் கொழும்புத் தமிழரின் வீட்டில் இன்னொரு பட்டியல் இருந்தது: வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்று பொலிஸில் கொடுக்கும் பதிவு. இடாப்பில் பெயர் இல்லாமல் இருக்கலாம், பொலிஸ் பதிவில் இல்லாமல் இருக்க முடியாது. 2007 ஜூன் 7 ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜுகளிலிருந்து 376 தமிழரை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் தங்கத் தகுந்த காரணம் இல்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். மறுநாளே உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது; பிரதமர் ரட்ணசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அந்த லொட்ஜுகளில் இருந்தவர்களில் பலர் வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்கள். கடவுச்சீட்டு, ஏஜென்சி, தூதரக நேர்முகம் என்று மாதக்கணக்கில் அலைந்தவர்கள். அவர்களில் ஒருவர் இன்று பாரிஸில் இருந்துகொண்டு இலங்கைத் தேர்தலில் எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், அதை அக்கறையின்மை என்று எழுதிவிட எனக்குக் கை வரவில்லை.

கொட்டாஞ்சேனையின் கதை வேறு. ஜம்பட்டா வீதியிலும் செட்டியார் தெருவைச் சுற்றிய சந்துகளிலும் யாழ்ப்பாணத்தவர்களோடு, இந்திய வம்சாவளியினரும் மலையகத்திலிருந்து கடை வேலைக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். வாக்குரிமை விவாதத்தில் இவர்களின் பாட்டன் பூட்டன் மீது எறியப்பட்ட கேள்விதான் இப்போது புலம்பெயர்ந்தவர்கள் மீது எறியப்படுகிறது. 1931 இல் டொனமூர் அரசியலமைப்போடு சர்வசன வாக்குரிமை வந்தபோது, இந்தியத் தொழிலாளர்களுக்கு இந்த நாட்டில் நிலையான அக்கறை உண்டா, நாளைக்கே திரும்பிப் போகமாட்டார்களா என்று கேட்டார்கள். வாக்குக்கு நிபந்தனைகள் வைத்தார்கள். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் அந்தக் கேள்விக்கு ஒரேயடியாக விடை எழுதின. 1947 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்தில் வென்ற ஆசனங்கள் 1952 இல் இல்லை. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. மிச்சக் கணக்கு முடிய 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை ஆனது. இங்கேயே பிறந்து இங்கேயே வேலை செய்தவர்களின் அக்கறையைச் சந்தேகித்த ஓர் அரசு இருந்த நாட்டில், அக்கறை என்ற அளவுகோலை எடுக்கும்போது கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டியவர்கள் நாமெல்லாரும்.

சரி, போனவர்கள் வாக்களிக்கவில்லை. அதனால் ஊருக்கு என்ன நட்டம்? இதற்கு விடை ஆசனக் கணக்கில் இருக்கிறது. இந்தக் கணக்கை அரசியல் மேடைகளில் விளங்கப்படுத்துவோர் குறைவு என்பதால் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

நாடாளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 29 தேசியப் பட்டியல். மாகாணத்துக்கு 4 வீதம் 36 ஆசனங்கள் நிலையாகப் பகிரப்பட்டவை. மீதி 160. நாடு முழுவதும் பதிவான வாக்காளர் தொகையை 160 ஆல் வகுத்து, வருகிற எண்ணிக்கைக்கு ஓர் ஆசனமாக மாவட்டங்களுக்குக் கொடுப்பார்கள். மிச்சமாகும் ஆசனங்கள் கூடுதல் எச்சம் உள்ள மாவட்டங்களுக்குப் போகும். 2024 இல் பதிவானவர்கள் 17,140,354 பேர். ஆகவே ஏறத்தாழ 107,000 பெயருக்கு ஓர் ஆசனம்.

2010 இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில், கிளிநொச்சியும் சேர்த்து, 721,359 பெயர்கள் இருந்தன. ஆசனம் 9. அத்தனை பேர் அங்கே இருக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். கனடாவுக்குப் போனவர், வெள்ளவத்தைக்கு வந்தவர், இறந்தவர், காணாமற் போனவர் எல்லாரும் பழைய இடாப்பில் அப்படியே கிடந்தார்கள். போர் முடிந்து இடாப்பைத் திருத்தியபோது தொகை சரிந்தது. 2015 இல் 529,239, ஆசனம் 7. 2020 இல் 571,848, அதே 7. 2024 இல் 593,187 ஆக ஏறியும் ஆசனம் 6 ஆகக் குறைந்தது. ஏறியும் ஏன் குறைந்தது? தெற்கிலும் மேற்கிலும் இடாப்பு அதைவிட வேகமாக வளர்ந்தது. எச்சக் கணக்கில் யாழ்ப்பாணம் தவறவிட்டது. கம்பஹாவுக்கு 19.

ஒரு விசித்திரம் இதிலே உண்டு. இல்லாத மனிதர்கள் பல வருடமாக ஆசனங்களைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அவர்கள் போட்ட வாக்கு ஒன்றுமில்லை. பெயர் மட்டும் வேலை செய்தது. திருத்தியது சரிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இறந்தவர் பெயரில் ஆசனம் வைத்திருப்பது எந்த மக்களுக்கும் பெருமையல்ல. ஆனால் போர் துரத்திய மனிதரின் பெயரை, போர் முடிந்ததும் அவர் இங்கே வசிக்கவில்லை என்று வெட்டுவது வெறும் கணக்கு வேலையாக மட்டும் இருக்க முடியாது. சட்டத்துக்கும் இது தெரிந்தே இருந்தது. உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்கள் தாம் வசிக்காத பழைய ஊரிலேயே குறித்த காலத்துக்குப் பதிந்திருக்க விசேட சட்டம் கொண்டுவந்தார்கள். வசிக்காத இடத்திலும் ஒருவர் எண்ணப்படலாம் என்பதை இந்த நாடு ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. கடல் தாண்டியவருக்கு மட்டும் அது பொருந்தவில்லை.

வாக்கு இல்லாவிட்டாலும் செல்வாக்கு வேறு வழியால் வருகிறது. வெள்ளவத்தை முதியவர்களின் தொலைபேசியில் தேர்தலுக்கு முதற்கிழமை நடக்கும் உரையாடல் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி. “அம்மா, இந்தமுறை ஆருக்குப் போடப் போறியள்? வீட்டுக்குத்தான் போடோணும் எண்டில்லை, கேட்டனிங்களே?” மறுமுனையில் தாய், “நீ சொல்லுறதைச் சொல்லு தம்பி, போடுறது நான்தானே” என்பார். வீடு என்றால் தமிழரசுக் கட்சியின் சின்னம். பேசுகிறவர் இருபது வருடமாக மொன்றியலில் இருப்பார். யூரியூப்பில் யாழ்ப்பாணத்துக் கூட்டங்கள் எல்லாம் பார்த்திருப்பார். தாய்க்குக் குழாயில் தண்ணீர் வராததும் மின்கட்டணமும் தெரியும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரனுக்குப் புலம்பெயர் தளங்களில் இருந்த ஆரவாரத்தையும், அவருக்குக் கிடைத்த 226,343 வாக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தத் தொலைபேசியின் பலமும் பலவீனமும் விளங்கும். இரண்டு மாதத்தில் வந்த நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறில் மூன்று ஆசனத்தைத் தேசிய மக்கள் சக்தி எடுத்தது. வெளிநாட்டிலிருந்து பார்த்தவர்களில் அதை எதிர்பார்த்தவர்கள் சிலரே.

இன்னொரு வழி பணம். முன்பு உண்டியல், இப்போது வங்கி. 2022 இல் உத்தியோகபூர்வ வழியில் வந்த தொழிலாளர் பணம் 380 கோடி டொலருக்குச் சற்றுக் குறைவு. 2024 இல் 650 கோடியைத் தாண்டியது. நாடு வங்குரோத்தானபோது மூச்சு விடவைத்த பணம் அது. வாக்குக் கேட்டு ஒருவரும் அவர்களிடம் போகவில்லை என்றும் சொல்ல முடியாது: தேசிய மக்கள் சக்தியின் அனுர குமார திசாநாயக்க 2024 இல் கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் போய்க் கூட்டம் வைத்தார். வாக்கில்லாதவர்களிடம் எதற்கு? அவர்கள் ஊருக்குப் பேசுவார்கள், பணம் தருவார்கள், சிலர் விமானம் ஏறியும் வருவார்கள் என்பதற்காக.

வாக்குக் கொடுக்காத நாட்டைப் பார்த்துத் தாங்களே வாக்குப்பெட்டி வைத்துக்கொண்ட வரலாறும் நமக்கு உண்டு. 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை முன்வைத்து 2009 மே மாதத்தில் நோர்வேயிலும், அவ்வாண்டு டிசெம்பரில் பிரான்சிலும் கனடாவிலும், 2010 ஜனவரியில் பிரித்தானியாவிலும் தமிழர்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 2010 மே மாதத்தில் நாடுகடந்த தமிழீழ அரசாங்கத்துக்குத் தேர்தல். அரசியல் நிலைப்பாடு எதுவாயிருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குளிரில் வரிசையில் நின்று சட்டப்பெறுமதி இல்லாத ஒரு சீட்டுப் போட்டவர்களை, தேர்தலிலிருந்து விலகிய மனிதர்கள் என்று சொல்ல ஏலாது. அதற்கு அடுத்த கட்டத்தில் அந்தச் சக்தி வாழும் நாட்டுப் பக்கம் திரும்பியது. 2011 இல் ராதிகா சிற்சபைஈசன் கனடாவிலும், 2021 இல் கம்சாஜினி குணரத்தினம் நோர்வேயிலும், 2024 இல் உமா குமரன் பிரித்தானியாவிலும் நாடாளுமன்றம் போனார்கள். முன்னே சொன்ன ஹரோக்காரரிடம் அங்கே வாக்குக் கேட்டு வீட்டுக்கு வருகிறார்கள், குப்பை எடுக்காவிட்டால் யாரைக் கேட்பது என்று அவருக்குத் தெரிகிறது. அக்கறை அங்கே போய்ச் சேர்வது இயல்பு.

மற்ற நாடுகள் என்ன செய்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிரான்சில் வெளிநாடுவாழ் பிரெஞ்சுக்காரருக்கென்றே 11 தொகுதிகள். இத்தாலியில் இரு சபைகளிலுமாக 12 ஆசனங்கள். பிரித்தானியா 15 ஆண்டு எல்லையை 2024 ஜனவரியில் நீக்கியது. கனடாவின் 5 ஆண்டு எல்லை அரசியலமைப்புக்கு முரண் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019 இல் தீர்த்தது. நமக்கு மிக நெருக்கமான பாடம் இந்தியாவினுடையது. 2010 இல் சட்டத்தைத் திருத்தி வெளிநாட்டிலுள்ள இந்தியப் பிரசைகளைப் பதிய விட்டார்கள், ஆனால் நேரில் வந்துதான் போட வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் பதிந்திருந்தோர் 119,374. வந்து போட்டோர் 2,958. அவர்களிலும் மிகப் பெரும்பாலானோர் கேரளத்தவர். விமானச் சீட்டுக் காசு உள்ளவருக்கு மட்டும் வாக்கு என்ற ஏற்பாடு அது. இலங்கையிலும் 2019 இலும் 2024 இலும் வாக்களிக்கவென்றே வந்திறங்கியவர்கள் இருந்தார்கள். மெல்பேணிலிருந்து வரலாம். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்குக் கடவுச்சீட்டையே எசமான் வைத்திருப்பார்.

இந்த இடத்தில்தான் தமிழ் வாசகர்கள் பலர் எதிர்பாராத ஒரு திருப்பம். வெளிநாட்டு வாக்குரிமைச் சட்டம் வந்தால் அது யாருக்குப் பயன்படும்? இலங்கைப் பிரசைகளுக்கு. நம் சட்டப்படி வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி எடுப்பவர், இரட்டைப் பிரசாவுரிமை பெற்றாலன்றி, இலங்கைக் குடியுரிமையை இழக்கிறார். ஸ்காபரோவிலும் சிட்னியிலும் இருக்கும் ஈழத்தமிழர் பலர் எப்போதோ கனேடியராகவும் அவுஸ்திரேலியராகவும் ஆகிவிட்டார்கள். அகதியாகப் போனவர் இலங்கைத் தூதரகப் படி ஏறவே தயங்குவார். ஆகவே அந்தச் சட்டத்தால் வாக்குப் பெறப்போகிறவர்கள் பெருமளவில் வளைகுடாவிலும் கொரியாவிலும் இஸ்ரேலிலும் இத்தாலியிலும் உழைப்பவர்கள். 2022 இலும் 2024 இலும் வேலைக்கென்று பதிந்து போனோர் ஆண்டுக்கு 3 லட்சத்துக்கு மேல். அவர்களில் சிங்களவர், முஸ்லிம்கள், மலையகத் தமிழர் எல்லாரும் உண்டு. கொட்டாஞ்சேனைச் சந்துகளிலிருந்து கட்டாருக்குப் போன டிரைவரும் உண்டு. அவர்களின் பெயர் அநேகமாக இடாப்பிலேயே இருக்கிறது, ஏனென்றால் இரண்டு வருடத்தில் திரும்புவார்கள். தேர்தல் முடிந்ததும் அவர்கள் ‘வாக்களிக்காதோர்’ நிரலில் சேர்கிறார்கள். 2024 ஜனாதிபதித் தேர்தலில் 79.46, நாடாளுமன்றத் தேர்தலில் 68.93 வீத வாக்களிப்பு என்கிறபோது, மீதியில் ஒரு பங்கு சோம்பலும் வெறுப்பும். இன்னொரு பங்கு தோஹாவில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தது.

எதிர்வாதம் பலமானது. தொலைதூரத் தேசியம் என்று பெனடிக்ட் அண்டர்சன் 1992 இல் எழுதியபோது சொன்ன குற்றச்சாட்டு இன்னமும் நிற்கிறது: தூரத்திலிருந்து அரசியல் செய்பவர் அதன் விளைவை அனுபவிப்பதில்லை, வரி கட்டுவதில்லை, சிறைக்குப் போவதில்லை, சூடுபட்டுச் சாவதில்லை. 2005 இல் வடக்கில் ஜனாதிபதித் தேர்தலைப் புறக்கணிக்க வைத்தபோது யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர். மகிந்த ராஜபக்ச வென்றது 180,786 வாக்கு வித்தியாசத்தில். அந்தப் புறக்கணிப்புக்குக் கை தட்டியவர்களில் வெளிநாட்டில் இருந்தவர்கள் இல்லையா? இருந்தார்கள். பின்பு போரில் விலை கொடுத்தது வன்னி.

எனக்கு இதில் ஒரு நிலைப்பாடு உண்டு. விளைவை அனுபவிக்காதவர் என்ற வாதம் குடியுரிமையை விட்டவருக்குப் பொருந்தும், நிரந்தரமாகப் போனவருக்கு ஓரளவு பொருந்தும், திரும்பி வரப்போகும் தொழிலாளிக்குச் சற்றும் பொருந்தாது. பெற்றோல் வரிசையில் நின்றது அவருடைய மனைவி, ரூபாய் விழுந்தபோது கரைந்தது அவருடைய சேமிப்பு. ஆகவே முதலில் அவருக்கு. ஜனாதிபதித் தேர்தலில் தொடங்கலாம், நாடு முழுவதும் ஒரே தொகுதி என்பதால் மாவட்டச் சிக்கல் இல்லை. நாடாளுமன்றத்துக்கு வரும்போது அவர் விட்டுப்போன மாவட்டத்திலேயே எண்ண வேண்டும், இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்துக்கு நடந்தது மற்ற ஊர்களுக்கும் நடக்கும். இரட்டைப் பிரசைகள் நாடாளுமன்றம் போகலாமா என்பதை 2015 இல் வேண்டாம், 2020 இல் ஆகலாம், 2022 இல் மறுபடி வேண்டாம் என்று மூன்று திருத்தத்தில் மாற்றி மாற்றி எழுதினார்கள். ஒரு குடும்பத்தை மனதில் வைத்து எழுதியதால் வந்த தடுமாற்றம் அது. கட்டார் டிரைவருக்காக ஒரு திருத்தம்கூட வந்ததில்லை.

ஆனால் தூதரகங்களில் வாக்குப்பெட்டி வைப்பதற்கு முதல் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று கொழும்பிலேயே கிடக்கிறது. கொட்டாஞ்சேனையில் கடையில் நிற்கும் ஹற்றன் பையனுக்கு வாக்களிக்க விடுமுறை உண்டு. 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 150 ஐத் தாண்டினால் இரண்டு நாள் என்று தூரத்துக்குத் தக்கபடி தேர்தல் ஆணைக்குழு சொல்லியிருக்கிறது. முதலாளி அந்த விடுமுறையைத் தருவாரா, பஸ்ஸில் இடம் கிடைக்குமா, அந்தப் பயணம் அவனுக்குக் கட்டுமா என்பது வேறு. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு பருத்தித்துறையில் வோட்டு வைத்திருக்கும் எழுபது வயதுத் தாய்க்கு இரவு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம். தபால் வாக்கு இவர்களுக்குக் கிடையாது. அது தேர்தல் கடமையில் உள்ள அரச ஊழியருக்கும் படையினருக்கும் போன்றவர்களுக்கு. ஆனால் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் 1990 இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்காகப் புத்தளத்தில் வாக்களிப்பு நிலையங்கள் வைத்து, அவர்களின் சீட்டை வடக்கின் கணக்கில் எண்ணிய அனுபவம் இந்த நாட்டுத் தேர்தல் அதிகாரிகளுக்கு இருக்கிறது. அதையே கொழும்பு 6 இலும் 13 இலும் ஒவ்வொரு பாடசாலை மண்டபத்தில் செய்வதற்கு அரசியலமைப்புத் திருத்தம் எதுவும் தேவைப்படாது. தேர்தல் சட்டத்தில் சில பிரிவுகளும் சில லொறிகளும் போதும்.